சரசு நிற்கும் இடத்தில் நின்றவர்

என் மூத்த பேத்தி தரணி, டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்புகளை வரைகிற கம்பெனியில் குழுத் தலைவி ஆகிவிட்டாள். அவள் தம்பி கௌதம் ஆடிட்டர் படிப்பின் நடுப் பரீட்சையில் இரண்டு பிரிவையும் ஒரே தடவையில் தேறிவிட்டான். என் சின்ன மகனின் மகள் யாழினி கூடைப்பந்தில் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அந்த உயரம் என் பிறந்த வீட்டு உயரம். எல்லோருக்கும் கடைசி பிரணவ், பள்ளி மாறுவேடப் போட்டியில் தென்னை மரமாக நின்று இரண்டாம் பரிசு வாங்கினான். முதல் பரிசு விமானி வேடம் போட்ட பையனுக்குப் போனது. அந்தப் பையன் மேடையில் அழுதான். எங்கள் மரம் அசையக்கூட இல்லை. தீர்ப்பு சரியில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இதையெல்லாம் சொல்வதற்காகத்தான் அன்று காலை கோவிந்தராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன். மில் வேலையாகப் பேசினாலும், "அக்கா, மொதல்ல புள்ளைக சங்கதியச் சொல்லுங்க, மிசின் எங்கீயும் ஓடிப்போகாது" என்பார். அன்று போனை எடுத்தது அவர் மகள் வித்யா.

"அத்தை, அப்பா போயிட்டாருங்க. காப்பி கேட்டாரு. ஆத்திக் கொண்டாறதுக்குள்ள..."

தென்னை மரம் என் வாயிலேயே நின்றுவிட்டது.

இந்த வாட்ஸப் குழுவில் இருக்கும் பித் மில்காரர்கள் பலருக்கும் அவரைத் தெரியும். தெரியாத இளையவர்கள் இப்போது நிறையப் பேர் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேசுகிற மாதிரிதான் எனக்கு எழுத வரும்.

கோயமுத்தூர் பீளமேட்டில் பழைய மில் சுவரை ஒட்டிப் போகும் சந்தில் அவருடைய கடை. ஹைட்ராலிக் குழாய், ஹோஸ், எல்போ, நிப்பிள், வாஷர் எல்லாம் விற்பார். என்னைவிட வயதில் இளையவர். இருந்தாலும் கடைக்காரர் என்ற மரியாதைக்கு நான் அவரை அண்ணன் என்றேன். அவர் என்னை அக்கா என்றார். கடைசி வரை ஒருவரை ஒருவர் பெரியவராக்கிக்கொண்டே இருந்தோம்.

அவரிடம் நாங்கள் போனது நல்ல காரியத்துக்கு அல்ல. ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பை ஒட்டி ஒரு மில் வைத்திருக்கிறோம். தேங்காய் மட்டையில் நார் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூளைத்தான் பித் என்போம். அதைக் காயவைத்து, பெட்டியில் கொட்டி, பிரஸ்ஸில் அழுத்திக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். பிரஸ்ஸுக்கு உயிர் எண்ணெய். பம்ப் தள்ளுகிற எண்ணெய் குழாய் வழியாக சிலிண்டருக்குப் போகும். அந்தக் குழாய் திரும்புகிற இடத்தில் இருப்பதுதான் எல்போ. எங்கள் பிரஸ்ஸில் அது சரசுவின் தோள் உயரத்தில், அவள் நிற்கும் பக்கத்திலேயே இருந்தது.

சரசு எங்கள் பிரஸ்ஸை ஓட்டுகிறவள். அவள் அழுத்திய கட்டியின் மூலை கத்தி வைத்து அறுத்ததுபோல இருக்கும். மூலை உதிர்ந்த கட்டியைக் கண்டால் சோற்றில் கல் கடித்தவள்போல முகத்தைச் சுளிப்பாள்.

ஒரு தைப்பொங்கல் நேரத்தில் பழைய எல்போ கசிந்தது. நோம்பிக்கு எல்லாக் கடையும் பூட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் ரூமுக்குப் போனார். நம் ஊரில் எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமிலும் ஒரு சாக்கு நிறையப் பழைய பைப் சாமான் கிடக்கும் அல்லவா? அதிலிருந்து போர்வெல் தண்ணீர் லைனுக்கு வாங்கிய எல்போ ஒன்றைத் தேடி எடுத்தார். திருகு மரை அப்படியே பொருந்தியது. வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கிவிட்டார்.

"தண்ணி லைன் எல்போங்க அது" என்றேன்.

"தண்ணியும் ஓடுது, எண்ணெயும் ஓடுது. அதுக்கு எது ஓடுதுன்னு தெரியவா போகுது?"

சில நாள் ஓடவும் ஓடியது. வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரையும் கூட்டிப்போய் அதைக் காட்டினார். பிறகு ஒரு மதியம், பிரஸ் முழு அழுத்தத்தில் இருக்கும்போது எல்போ இரண்டாகப் பிளந்தது. சூடான எண்ணெய் சரசுவின் இடது கையில் அடித்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். இன்னும் சற்றுத் தள்ளி அடித்திருந்தால் முகத்தில் பட்டிருக்கும்.

உடைந்த எல்போவைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் காந்திபுரம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பீளமேடு போனோம். தரணி அப்போது அங்கே மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தாள். கடையைக் காட்டியது அவள்தான்.

கோவிந்தராஜ் அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, உடைந்த துண்டைத் துணியால் துடைத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அழுத்தம் எவ்வளவு, அளவு என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

"இது ஒடஞ்சப்ப பக்கத்துல ஆருங்க நின்னாங்க?"

எங்கள் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "அதென்னங்க, அளவக் கேக்காம ஆளக் கேக்கறீங்க?"

"அளவு மரையிலயே இருக்குதுங்க. ஆளு இதுல எழுதியில்லீங்களே."

நான்தான் சொன்னேன். சரசு என்று பேரைச் சொன்னேன், கை வெந்ததைச் சொன்னேன். அவர் அந்தத் துண்டை மேசைமேல் வைத்தார். பிறகு எங்களுக்கு டீ சொன்னார். எல்போ வாங்க வரும் யாரிடமும் அவர் முதலில் கேட்பது அந்தக் கேள்விதான் என்று பின்னால் தெரிந்தது. அவசரக்காரர்கள் பாதிப் பேர் அதைக் கேட்டதும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களாம். போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். வந்தவர்களிடம் மறுபடியும் அதையேதான் கேட்பார்.

அன்று அவர் தம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்துப் பிட்டுக் காட்டியதை மறக்க முடியாது.

"பாருங்க மாமா, இட்லிய ஊத்தி வேக வெக்கறோம். வெளிய பாத்தா வழுவழுன்னு இருக்குது. உள்ள அத்தனையும் ஓட்டை. வார்ப்பு எல்போவும் அப்படித்தானுங்க, உருக்கி ஊத்தறது. உள்ள ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குப் போதும். இந்த எண்ணெய் லைன் எல்போ இருக்குது பாருங்க, இது பரோட்டா மாவு. இரும்பப் பழுக்கக் காச்சி, அச்சுல வெச்சு அடி அடின்னு அடிச்சுச் செய்யறது. அடிச்ச அடியில உள்ள எடமே இருக்காது."

இரண்டாவது பேச்சிலேயே எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு மாமா ஆகிவிட்டார்.

"அங்கிள், இதையே எங்க சார் ரெண்டு வகுப்பு நடத்துனாருங்க" என்றாள் தரணி.

"அவரு நல்லா வெவரமா நடத்தியிருப்பாருங்க அம்மணி. எனக்குப் பசி. சுருக்கிப்போட்டேன்" என்று பிட்ட இட்லியை வாயில் போட்டுக்கொண்டார்.

அடித்துச் செய்த எல்போக்கள் சிலவற்றை மேசையில் பரப்பி என் கையில் கொடுத்தார். ஆங்கிலம் எனக்கு வராது. "எழுத்த உடுங்க அக்கா, நம்பரப் பாருங்க. எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு ஒடம்புலயே குத்தியிருக்கோணும். குத்தாததத் தொடாதீங்க" என்றார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு முதுகில் ஓடுவதைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மரையைச் சீப்பு மாதிரி ஒரு அளவுகோல் வைத்துக் காட்டினார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வகை மரை உண்டாம். மாற்றிப் போட்டாலும் முதலில் ஏறும், இறுகவும் செய்யும், ஆனால் சேராது, கசியும். அதனால் சிலிண்டரின் மரையைப் பார்க்காமல் தரமாட்டேன் என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதுங்களா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நோயாளி ஆனைமலைல இருக்குதுங்க மாமா. இங்கிருந்தே ஊசி போடச் சொல்றீங்களே."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். தோளில் ஒரு பை, அதில் சாமான்கள், கூடவே டிபன் பாக்ஸ். பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார். தரணியும் கூடவே சுற்றினாள்.

"அங்கிள், எண்ணெய் எதுக்குங்க ஆளு நிக்கற பக்கமா வரோணும்? சிலிண்டருக்கு அக்கட்டால இன்னொரு வாய் இருக்குது, அடச்சு வெச்சிருக்காங்க. அதுல குடுத்தா சுவத்துப் பக்கம் போயிருமே. பைப்பயே வளச்சுட்டா ரெண்டு எல்போ மிச்சம்."

அவர் அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா அக்கா, எல்போ விக்கறவங்கிட்டயே வந்து எல்போவக் கொறைங்கறா. இத்தன வருசம் பக்கத்துல ஆரு நிக்கறாங்கன்னு கேட்டனே கண்டி, எல்போவ அக்கட்டத் தள்ளுங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அன்று முதல் கடைக்கு வருகிற எல்லோரிடமும், "ஆனைமலைல ஒரு புள்ள சொல்லுச்சுங்க" என்று ஆரம்பித்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் பலருடைய மில்லில் எண்ணெய் லைன் சுவர்ப் பக்கம் ஓடுகிறது என்றால், அந்தப் புள்ள எங்கள் தரணிதான்.

அவர் சொன்ன ஆளை வைத்துப் பைப்பை வளைத்து, ஒரே ஒரு எல்போவைப் பின்பக்கம் போட்டோம். டேப் சுற்றவில்லை. டேப்பின் நூல் பிரிந்து எண்ணெயோடு போய் வால்வில் சிக்கிக்கொள்ளும் என்று, நடுவில் ரப்பர் வைத்த வாஷர் போட்டார். எங்கள் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்த டேப் சுருளைப் பிடுங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அவர் பையைத் தட்டி, "மாமா, டேப்பு இருக்குதுங்களா?" என்பார்.

எல்லாம் தயார். ஆனால் சரசு பக்கத்தில் வரவில்லை.

கைக்கட்டு அவிழ்த்திருந்தார்கள். தோல் இன்னும் சிவந்திருந்தது. மில் வாசலில் நின்றபடியே, "நான் மட்டை பொறுக்கவே போறேனுங்க. இந்தக் கெரகம் எனக்கு வேண்டாமுங்க" என்றாள். மட்டை பொறுக்குவது நாள் முழுக்க வெயில் வேலை. பிரஸ் ஓட்டுவதில் அவளுக்கு இருந்த பெருமை எங்களுக்குத் தெரியும். மற்றப் பெண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரசு நிற்காத இடத்தில் அவர்களில் ஒருத்தியும் நிற்கப்போவதில்லை. மில்லைப் பூட்ட வேண்டியதுதான்.

"இப்ப பயமில்ல சரசு, புது எல்போ போட்டாச்சு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"அன்னைக்கும் இதேதானுங்க சொன்னீங்க. உங்கள நம்பி நின்னதுக்குக் கையி வெந்துபோச்சு. இனி மாசாணியம்மன் கோயில்ல மொளகாய அரைச்சுப் பூசிப்போட்டுத்தான் எனக்கு மறு சோலி."

ஊரில் அநியாயம் பண்ணினவர் பேரைச் சொல்லி அம்மனுக்கு மிளகாய் அரைப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கோவிந்தராஜ் அண்ணன் தோள் பையைக் கீழே வைத்தார். போய், சரசு நிற்கும் இடத்தில் நின்றார். தரணியிடம் பம்பைப் போடச் சொன்னார். முழு அழுத்தம் ஏறியது. நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க ஒருக்கா நின்னுட்டுப் பீளமேடு போயிருவீங்க. நான் தெனமும் நிக்கோணுமுங்க" என்றாள் சரசு, நின்ற இடத்திலிருந்தே.

"வாஸ்தவந்தானுங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டார். சரி, விட்டது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு மில் வாசலில் நிற்கிறார். கடையை மகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"தெனமும் நிக்கறதுன்னா எப்படின்னு பாக்கறனுங்க" என்றார். பித்தைப் பெட்டியில் அவரே கொட்டினார், அவரே பிரஸ்ஸை இறக்கினார். பழக்கமில்லாத கை. பாதித் தூள் பெட்டிக்கு வெளியே, மீதி அவர் தலையில். வந்த கட்டியெல்லாம் மூலை உதிர்ந்து, எலி கொறித்ததுபோல இருந்தது. மதியச் சாப்பாட்டையும் பிரஸ் பக்கத்திலேயே ஒரு கட்டியைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த நாளும் வந்தார்.

சரசுவும் தினமும் வந்தாள். மட்டை பொறுக்கப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பாள். முதல் நாள் எல்போ போட்ட பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் கட்டிகளைப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் அவளால் முடியவில்லை. விறுவிறு என்று உள்ளே வந்தாள்.

"என்னங்க பண்ணிப்போட்டு இருக்கறீங்க? இதக் கட்டின்னு கப்பல்ல ஏத்தினா அந்த ஊர்க்காரன் சிரிக்கமாட்டானுங்களா? தள்ளுங்க அக்கட்ட. அது என்ற எடம்."

அவர் உடனே தள்ளி நின்றார். தலையில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டே, "நல்லவேளைங்க. எனக்கு இடுப்பே போச்சு" என்றார். மில்லே சிரித்தது. சரசுவும் சிரித்தாள். பிரஸ்ஸை இறக்கும்போது மட்டும் அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அன்று பொழுது சாயும்வரை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.

தைரியமாக இரு என்று அவர் சரசுவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்னால் ஒருநாள் நான் கேட்டேன். "அவங்க பயந்தது தப்பில்லீங்களே அக்கா. கை வெந்தவங்ககிட்டப் போயி தெகிரியம் சொல்றதுக்கு நான் ஆருங்க?" என்றார். அந்த எல்போ இன்றைக்கும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. வாஷரை மட்டும் அவ்வப்போது மாற்றுவோம்.

துக்கத்துக்குப் போனபோது அவர் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கில் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் புரியவில்லை. ஆனால் நடுநடுவே எங்கள் ஊர்ப் பேர் அடிபட்டது. யார் யாரோ வந்து, "அந்தத் தரணிப் புள்ளையோட பாட்டிங்களா நீங்க?" என்று கேட்டார்கள். அந்த நேரத்திலும் மனது நிறைந்தது, மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக்காரர் வாசலில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில், "ஆளு ஏறுக்கு மாறாத்தான் பேசுவான். ஆனா நின்னான்" என்றார். அவர் வாயில் அதற்குமேல் வராது.

பெரிய துக்கம் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. நன்றாக வாழ்ந்தார், படுக்கையில் விழாமல் போனார், மகளைக் கடைக்குப் பழக்கிவிட்டுப் போனார். வித்யாவும் வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறாளாம். எனக்கு அவர் விட்டுப்போனது ஒன்று உண்டு. எங்கள் மில்லுக்குப் புதிதாக எந்த மிஷின் வந்தாலும், அது ஓடுகிற முதல் நாள் நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், வேலைக்காரர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மிஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதன் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தால், பெண்களை நிற்கச் சொல்லமாட்டேன். போன மாதம் வந்த தூள் சலிக்கும் மிஷினை, பெல்ட்டுக்கு மூடி போடாமல் ஓட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டேன். மூடி போட்ட பிறகுதான் ஓடியது.

வித்யா கண்ணு, இது உனக்கு. நேற்று நீ இந்தக் குழுவில் போட்ட அப்பாவின் படத்தைச் சரசுவிடம் காட்டினேன். கோட்டும் டையும் கறுத்த மீசையுமாக இருக்கிறாரே, அந்த இளவயதுப் படம். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆருங்க, மாப்பிள்ளைங்களா?" என்று கேட்டாள். உன் அப்பாதான் என்றேன். நம்பவே இல்லை. "அவரு இப்படி வெறைச்சுக்கிட்டு நிக்கமாட்டாருங்க. தலையில தூளு இருக்கும்" என்கிறாள். பிரஸ்ஸுக்கு எதிர்ச் சுவரில் அவர் படத்தை மாட்ட வேண்டுமாம். தூளோடு இருக்கும் படத்துக்கு எங்கே போவது? கடையில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் புதுப் படம் ஏதாவது உன் போனில் இருந்தால், அதை இங்கே போடு கண்ணு. தாமதிக்காதே. சரசு ஆணி அடித்துவிட்டாள்.